ஒரு ரன் இடிக்கிறது

நேயர்களுக்கு வணக்கம். என்னைப் பேச அழைத்தவர்கள், "கிரிக்கெட் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், ஆனால் ஐபிஎல் வேண்டாம், அதை எல்லாரும் பேசிவிட்டார்கள்" என்றார்கள். சரி, அப்படியானால் மாநில அணிகள் ஆடும் இருபது ஓவர் போட்டியான சையத் முஷ்டாக் அலி கோப்பையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

நான் ஆட்டக்காரன் இல்லை. சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் ஆட்டங்களுக்கு இருபத்து மூன்று வருஷம் ஸ்கோர் எழுதியவன். மைதானத்து ஓரத்தில், வேப்பமரம் இருந்தால் அதன் அடியில், இல்லையென்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மடக்கு மேசையில் பெரிய நோட்டை விரித்து உட்கார்ந்திருப்பாரே ஒருவர், அந்த ஜாதி. அம்பயர் கையைக் காட்டினால் பதிலுக்கு நாங்களும் கையைத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் அவர் ஆட்டத்தைத் தொடரக்கூடாது. எங்களுக்கு இருக்கிற ஒரே அதிகாரம் அதுதான்.

ஸ்கோர் புக்கில் ஒரு ரன் விழுந்தால் மூன்று இடத்தில் எழுத வேண்டும். பேட்ஸ்மேன் பெயருக்கு நேரே ஒன்று, பவுலரின் கட்டத்தில் ஒன்று, அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அச்சடித்திருக்கும் எண்களில் ஒன்றை அடித்துவிட வேண்டும். இன்னிங்ஸ் முடிந்ததும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால், "ஒரு ரன் இடிக்கிறது" என்போம். ஒருமுறை லீக் ஆட்டம் ஒன்றில் என் புத்தகத்துக்கும் எதிரணி ஸ்கோரர் புத்தகத்துக்கும் ஒரு ரன் வித்தியாசம். என் கணக்குப்படி ஆட்டம் சமன், அவர் கணக்குப்படி அவர் அணி வெற்றி. இரண்டு அணியும் கிட்டைக் கட்டி வைத்துவிட்டுச் சுற்றி நிற்கிறது. அம்பயர் இரண்டு புத்தகத்தையும் ஓவர் ஓவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பதினோராவது ஓவரில் ஒரு லெக்-பை, பேட்டில் படாமல் உடம்பில் பட்டு ஓடிய பந்துக்கு வந்த ரன். அவர் எழுதியிருந்தார், நான் விட்டிருந்தேன். அன்றைக்கு என் அணிப் பையன்கள் யாரும் என்னோடு பஸ்ஸில் ஏறவில்லை.

அதனால் ஒரு ரன் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2019 டிசம்பர் 1ஆம் தேதி, சூரத்தில் நடந்த முஷ்டாக் அலி கோப்பை இறுதி ஆட்டம் நினைவிருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். கர்நாடகம் 180. மனீஷ் பாண்டே ஆட்டமிழக்காமல் 60. நம் தமிழ்நாட்டுக்குக் கடைசி ஓவரில் 13 தேவை. கிருஷ்ணப்பா கௌதம் வீசுகிறார். அஸ்வின் முதல் இரண்டு பந்தையும் பவுண்டரிக்கு அனுப்பிவிட்டார். இன்னும் நாலு பந்து, ஐந்து ரன். தெருவில் விளையாடுகிற பையன்கள்கூட அடித்துவிடுவார்கள் என்று தோன்றும். அந்த நாலு பந்தில் வந்தது மூன்று ரன். நன்றாக ஆடிக்கொண்டிருந்த விஜய் சங்கர் ஐந்தாவது பந்தில் ரன் அவுட். 179. ஒரு ரன்னில் தோல்வி. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் பெங்களூரில் ஐம்பது ஓவர் போட்டியான விஜய் ஹசாரே கோப்பையின் இறுதி ஆட்டத்திலும் அதே கர்நாடகத்திடம் தோற்றிருந்தோம்.

இந்தப் போட்டிக்கும் நமக்கும் பழைய உறவு. 2007இல் மாநிலங்களுக்கு இடையே இருபது ஓவர் போட்டியை முதன்முதலாக நடத்தியபோது, மும்பை பிராபோர்ன் மைதானத்தில் பஞ்சாபைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது தமிழ்நாடு. கேப்டன் தினேஷ் கார்த்திக். இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா ஜெயிப்பதற்கும் முன்னால், ஐபிஎல் பிறப்பதற்கும் முன்னால். முஷ்டாக் அலி பெயர் பிறகுதான் வந்தது. அவர் இந்தூர்க்காரர். 1936இல் மான்செஸ்டரில் 112 அடித்து, வெளிநாட்டில் டெஸ்ட் சதம் அடித்த முதல் இந்தியர் ஆனவர். அந்தக் காலத்திலேயே பந்து விழுவதற்குள் இறங்கி வந்து அடிப்பாராம். இருபது ஓவர் கோப்பைக்குச் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

2021 ஜனவரியில், கொரோனாவுக்கு நடுவே, அகமதாபாத்தில் பரோடாவை வென்று இரண்டாவது முறை ஜெயித்தோம். அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஆனால் நான் இன்று பேச வந்தது அடுத்த பருவத்தைப் பற்றி, 2021 நவம்பரைப் பற்றி.

தீபாவளி அன்று, நவம்பர் 4, போட்டி ஆரம்பித்தது. 38 அணிகள். நம் பிரிவு லக்னோவில். இங்கே சென்னையில் அடுத்த இரண்டு மூன்று நாளில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், இரவெல்லாம் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இருக்கும்வரை ஸ்கோர் பார்ப்பேன், அப்புறம் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரில் போய்ச் சொருகுவேன். ஆதலால் லீக் ஆட்டங்களைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், பாதிதான் தெரியும்.

நாக் அவுட் ஆட்டங்கள் எல்லாம் டெல்லியில். காலிறுதியில் கேரளம் 181 அடித்தது. விஷ்ணு வினோத் 26 பந்தில் 65. அதை மூன்று பந்து மீதம் வைத்து எட்டிப்பிடித்தோம். அரையிறுதி நேர்மாறு. ஹைதராபாத் 90 ரன்னில் சுருண்டது. சரவண குமார் 21 ரன் கொடுத்து ஐந்து விக்கெட். எதிர்ப்பக்கம் கர்நாடகம் வந்த வழிதான் ஸ்கோரர்களுக்கு விருந்து. காலிறுதியில் வங்காளத்தோடு ஆட்டம் சமனாகி, சமனை முறிக்க ஆளுக்கு ஓர் ஓவர் ஆடுகிற சூப்பர் ஓவரில் ஜெயித்தார்கள். அரையிறுதியில் விதர்பாவின் தர்ஷன் நல்கண்டே கடைசி ஓவரில் நாலு பந்தில் நாலு விக்கெட் எடுத்தார். விக்கெட்டுக்கு நாங்கள் போடுவது 'டபிள்யூ'. ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து நாலு 'டபிள்யூ'! நான் எழுதிய இருபத்து மூன்று வருஷத்தில் மூன்றுக்கு மேல் எழுதியதில்லை. அப்படியும் விதர்பா நாலு ரன்னில் தோற்றது. அந்தப் பையனை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஆக இறுதி ஆட்டத்தில் மறுபடியும் கர்நாடகம். நவம்பர் 22, திங்கட்கிழமை. மறுபடியும் மனீஷ் பாண்டே அவர்கள் கேப்டன். தினேஷ் கார்த்திக்குக் காயம், அதனால் நம் கேப்டன் விஜய் சங்கர். சூரத்தில் ரன் அவுட் ஆன அதே விஜய் சங்கர்.

டிவிக்கு முன்னால் நோட்டை விரித்து உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் திட்டுவார்கள்.

இந்த ஆட்டம் என்றால் எல்லாருக்கும் கடைசிப் பந்துதான் ஞாபகம். சரிதான், நானும் மறக்கவில்லை. ஆனால் என் நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் கண் முதலில் போய் நிற்பது கடைசிப் பந்தில் இல்லை. முதல் இன்னிங்ஸில், பவுலர்கள் பத்தியில், சாய் கிஷோர் என்று எழுதிய வரியில். நாலு ஓவர், 12 ரன், மூன்று விக்கெட்.

கணக்கைக் கொஞ்சம் கேளுங்கள். கர்நாடகம் 20 ஓவரில் 151. இதில் சாய் கிஷோரின் 12 ரன்னைக் கழித்தால், மற்றப் பதினாறு ஓவரில், பேட்ஸ்மேன் கணக்கில் சேராத உதிரி ரன்களையும் சேர்த்து 139. ஓவருக்கு எட்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. சாய் கிஷோரும் அதே வேகத்தில் கொடுத்திருந்தால் அவர் கணக்கில் 35 ரன் ஏறியிருக்கும். 151 இல்லை, 174. கடைசிப் பந்தில் முடிந்த ஆட்டத்தில் அந்த 23 ரன்னை யார் அடித்திருப்பார்கள்? அந்த 23 ரன் ஒரு இடத்திலும் எழுதப்படுவதில்லை. அடித்த ரன்னுக்குக் கட்டம் இருக்கிறது, கொடுக்காத ரன்னுக்குப் புள்ளிதான். டாட் பால் என்று நீங்கள் சொல்கிறீர்களே, அந்தப் புள்ளி.

சாய் கிஷோரின் கட்டங்களை எழுதுவது சுகமான வேலை. நல்ல உயரம், இடது கை, அலட்டல் இல்லாமல் வந்து போடுவார். புள்ளி, புள்ளி, ஒன்று, புள்ளி. சூரத்தில் தோற்ற 2019 பருவத்தில் போட்டியிலேயே அதிக விக்கெட் எடுத்தவர் இவர்தான், 20 விக்கெட், ஓவருக்கு ஐந்து ரன்கூடக் கொடுக்காமல். அதன் பிறகு இரண்டு வருஷம் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியில் இருந்தார். ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கூல்டிரிங்க்ஸ் தூக்கினார்.

சரி, நாம் ஆடியது. ஹரி நிஷாந்த் வந்ததும் வேகமாக 23 அடித்தார். அப்புறம் ஆட்டம் உட்கார்ந்துவிட்டது. ஜெகதீசன் 46 பந்தில் 41. மொத்தம் இருக்கிற 120 பந்தில் இவருக்கே 46 பந்து! ஆடுகளம் மெதுவானது, ஒரு பக்கம் ஒருவர் நிற்கத்தான் வேண்டும் என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை, கொஞ்சம் இழுத்துவிட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒன்று. அடுத்த வருஷம் அதே நவம்பரில், விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக இதே ஜெகதீசன் ஒற்றை ஆளாக 277 அடித்தார். வாயை மூடிக்கொண்டேன்.

ஷாருக் கான் உள்ளே வந்தார். பெயரைக் கேட்டால் பம்பாய் ஞாபகம் வரும், ஆள் நம் சென்னைப் பையன். 15 பந்தில் 33. மற்றவர்கள் எல்லாரும் உதிரிகளோடு சேர்ந்து 105 பந்தில் 120. இவர் ஒருவர் 15 பந்தில் 33.

கடைசி ஓவர், 16 ரன் வேண்டும். பந்து பிரதீக் ஜெயின் கையில். எதிர்கொள்வது ஷாருக் இல்லை, சாய் கிஷோர்! எங்கள் வீட்டில் ஒருத்தர் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். முதல் பந்தே பவுண்டரி. பந்து வீசும்போது 12 ரன் மட்டும் கொடுத்த ஆசாமி, பேட்டைப் பிடித்ததும் நாலு ரன் கொண்டுவந்து வைக்கிறார். பிறகு ஒன்று, இரண்டு என்று சில்லறை சேர்ந்தது, ஏழு ரன். கடைசிப் பந்துக்கு ஐந்து. நாலு அடித்தால் சமன். ஐந்து அடிக்க வழியில்லை. ஆறுதான் அடிக்க வேண்டும். ஷாருக் இழுத்து அடித்தார். பந்து லெக் பக்க எல்லையைத் தாண்டி விழுந்தது. 153. ஆறு விக்கெட்.

அன்று மாலைக்குள் ஊரெல்லாம் சுற்றிய படம் ஒன்று உண்டு. தோனி டிவிக்கு முன்னால் நின்று அந்த சிக்சரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், முதுகுதான் தெரிகிறது. மாநில அணிகள் ஆடுகிற போட்டியை இந்த நாட்டில் அத்தனை பேர் பேசியது அந்தப் படத்தால்தான். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. ஆட்டத்துக்கு 17,500 ரூபாய் சம்பளத்துக்கு, தீபாவளிக்கு வீட்டில் இல்லாமல், ஹோட்டல் அறைக்கும் மைதானத்துக்குமாக மூன்று வாரம் அலைந்த பையன்கள் அவர்கள்.

மூன்று மாதம் கழித்து பெங்களூரில் ஐபிஎல் ஏலம். ஷாருக்கைப் பஞ்சாப் 9 கோடிக்கு எடுத்தது. சாய் கிஷோரைக் குஜராத் 3 கோடிக்கு. ஏலக்காரர்களும் கடைசிப் பந்தைத்தான் பார்க்கிறார்கள் என்று நண்பர்களிடம் சொல்லிப் புலம்பினேன். அதே குஜராத், இறுதி ஆட்டத்தில் நமக்கு எதிராக 46 அடித்த அபினவ் மனோகரையும் வாங்கியது. 20 லட்சம் அடிப்படை விலை, போனது 2 கோடி 60 லட்சத்துக்கு. ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு, 2022 மே மாதம் ஐபிஎல் கோப்பையைத் தூக்கினார்கள். அந்த இறுதி ஆட்டத்தில் சாய் கிஷோருக்கு இரண்டு விக்கெட். கூல்டிரிங்க்ஸ் வேறு யாரோ தூக்கினார்கள்.

நவம்பர் 22 சாயங்காலத்துக்குத் திரும்புகிறேன். டெல்லியில் பரிசளிப்பு நடக்கிறது. பேரன் போன் செய்து, "தாத்தா, பாத்தீங்களா, பாத்தீங்களா" என்கிறான். நான் நோட்டைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். பேட்ஸ்மேன் பக்கம் 153. பவுலர் பக்கம் உதிரியோடு சேர்த்து 152. ஒரு ரன் இடிக்கிறது.

அடுக்களையிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அதான் ஜெயிச்சாச்சே, இன்னும் என்ன தேடறீங்க?"

"ஒரு ரன் காணோம்."

"கிடக்கட்டும், காபி ஆறுது."

சூரத் பற்றி அவளுக்கு எங்கே தெரியும்? மறுபடியும் முதல் ஓவரிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்பதாவது ஓவரில் கிடைத்தது, மூன்று என்று எழுதியதை நானே இரண்டு என்று கூட்டியிருக்கிறேன். திருத்தி, சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். காபி ஆறித்தான் போயிருந்தது.

வணக்கம்.