எம்டனும் இராக் சமையற்கட்டும்

அவைத் தலைவர் அவர்களே, சங்கச் செயலாளர், பொருளாளர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய மாநகராட்சி உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளே, மாட்டுங்காவில் இவ்வளவு பெரிய அரங்கை வாடகை வாங்காமல் தந்த பெரியவர் அவர்களே, தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் மழையோடு மழையாக வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். துணைத் தலைவர் பெயர் விடுபட்டுவிட்டது என்று சீட்டு வருகிறது. ஐயா பொறுத்தருள வேண்டும், உங்களுக்கும் வணக்கம்.

வல்லரசின் போரை வெளியூரார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது கொடுக்கப்பட்ட தலைப்பு. மூன்று பேரிடம் கேட்போம். கரையில் நின்று வேடிக்கை பார்த்தவன், தன் தெருவில் படை நடக்கக் கண்டவன், அந்தப் படைக்குச் சோறு வடித்தவன். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பார்கள். வெட்டியவன் புகழை எழுத ஆயிரம் பேர் உண்டு. வெட்டும்போது யார் வீட்டுத் திண்ணை இடிந்தது என்று இந்த மூவருக்குத்தான் தெரியும்.

கரையில் நின்றவன் நம்மூர்க்காரன்தான். 1914 செப்டம்பர் 22, ராத்திரி. உலகப் போருக்குள் பிரிட்டன் இறங்கி ஏழு வாரம் ஆகிறது. சென்னைக்குப் போர் என்றால் செய்தித்தாளில் வரும் சமாச்சாரம், அவ்வளவுதான். ஊரெல்லாம் விளக்கு எரிகிறது. வங்கக் கடலில் ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று வருகிறது. அதற்குப் புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ் கப்பல் என்று நம்பவைக்க நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டு கடலில் திரிந்த கப்பல் அது! நாடகக் கம்பெனிக்காரன் தோற்றான். துறைமுகத்தை நெருங்கியதும் தேடுவிளக்கைப் போட்டது. சுமார் 130 குண்டுகள் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கரைப் பீரங்கி விழித்துக்கொண்டு சுடுவதற்குள் கப்பல் இருட்டில் கரைந்துவிட்டது. மறுநாள் தொடங்கி ஊரே மூட்டை கட்டியது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் அதன் கதையை முடித்தது. ஆனால் பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. “அவன் லேசுப்பட்டவன் இல்லை, எம்டன்!” என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த எம்டன்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். குண்டு போட்டவன் பெயரைக் கெட்டிக்காரனுக்குச் சூட்டியிருக்கிறோம். பயம் இருந்தது. வெள்ளைக்காரன் துறைமுகத்திலேயே ஒருவன் கைவைத்துவிட்டானே என்ற வியப்பு அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். துறைமுகத்தில் செத்தவர்கள் பெயரை மட்டும் எந்தப் பேச்சுவழக்கும் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாமவன் யாழ்ப்பாணத்தான். முன்வரிசைப் பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். 1987-ல் அவன் கண்ணுக்கு வல்லரசு நாம்தான். ஆகஸ்டில் இந்திய அமைதிப் படைக்கு மாலை போட்டான். அக்டோபரில் சண்டை மூண்டது. தீபாவளி நாளில் யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நம் பக்கத்தில் 1,100 வீரர்களுக்கு மேல் உயிர் விட்டார்கள். 1990 மார்ச்சில் திரும்பிய படையைச் சென்னையில் வரவேற்கத் தமிழக முதலமைச்சர் போகவில்லை. ஒரே சிப்பாய், தன் ஊரில் தியாகி, அடுத்த கரையில் ஆக்கிரமிப்பாளன். இதை விரித்தால் விடிந்துவிடும். இன்னொரு கூட்டம் போட்டால் முழுதும் பேசலாம்.

மூன்றாமவனுக்கு வருகிறேன். இங்கே வந்ததே அவனுக்காகத்தான். 2003 ஜூலையில் அமெரிக்கா கேட்டும் இராக்குக்குப் படை அனுப்புவதில்லை என்று இந்தியா முடிவெடுத்தது. சிப்பாய் போகவில்லை, சமையல்காரன் போனான். 2009 மார்ச்சில் இராக்கில் அமெரிக்கப் படையினர் 1,41,300 பேர். ஒப்பந்தப் பணியாளர் 1,32,610 பேர். அவர்களில் சுமார் 60,000 பேர் அமெரிக்கருமில்லை, இராக்கியருமில்லை. மெஸ்ஸில் சோறு, லாண்டரியில் துணி, கக்கூஸில் பினாயில், எல்லாம் அவர்கள் கை. எதிரி இவர்களைப் பிரித்துப் பார்க்கவில்லை. 2004 ஜூலையில் குவைத் கம்பெனியொன்றின் லாரி ஓட்டுநர்கள் ஏழு பேர் கடத்தப்பட்டதில் மூவர் இந்தியர். செப்டம்பர் 1 வரை சிறையிருந்தார்கள். அதே நேரம் 12 நேபாளத் தொழிலாளிகள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட வேலை ஜோர்டானில்.

வல்லான் வகுத்த வாய்க்காலில் கால் வைக்குமுன் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். ஏஜென்ட்டின் உரிம எண்ணை நம் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். சப்-ஏஜென்ட் என்று சட்டத்தில் யாரும் கிடையாது. இந்தியச் சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டியோடு 35,400. அமெரிக்க அரசு ஒப்பந்த வேலையானால் அதுவும் கூடாது. தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதையும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பதையும் அந்நாட்டு ஒப்பந்த விதியே தடுக்கிறது. நம் பையன்களில் பலருக்கு இது தெரியாது. வேலைக்குப் போகுமுன் அரசு அனுமதி வேண்டும் என்று காட்டும் குடிபெயர்வுச் சோதனை (ஈ.சி.ஆர்.) முத்திரை பத்தாவது தேறியவன் பாஸ்போர்ட்டில் இருக்காது. அதை நம்பி விசிட் விசாவில் துபாய், அங்கே குறைந்த சம்பளத்துக்குப் புது ஒப்பந்தம், பிறகு எந்த நாடென்று தெரியாத கேம்ப். காரியம் கெடுவது இந்த வரிசையில்தான். வெளிநாடு போகும் தொழிலாளிக்கான அரசுக் காப்பீடு, பிரவாசி பாரதிய பீமா யோஜனா. அதற்கு இரண்டாண்டுப் பிரீமியம் 275 ரூபாய். விபத்தில் இறந்தால் 10 லட்சம். அதைக் கட்டாமல் போகாதீர்கள்.

அமெரிக்க ஒப்பந்த வேலையில் வெளிநாட்டில் காயப்பட்டாலோ செத்தாலோ இழப்பீடு தருவது அமெரிக்காவின் 1941-ஆம் ஆண்டு ராணுவத் தளச் சட்டம். அது எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். காயத்தை 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், இழப்பீடு கேட்டு ஓராண்டுக்குள் எல்.எஸ். 203 படிவம் கொடுக்க வேண்டும், இறந்திருந்தால் எல்.எஸ். 262. முழு ஊனத்துக்கு வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சம்பளச் சீட்டு இல்லாதவன் அங்கேதான் தோற்கிறான். சீட்டு, ஒப்பந்தம், அடையாள அட்டை, மேல் கம்பெனியின் பெயர், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடச் சொல்லுங்கள். கல்யாணமாகாத பையன் மாதாமாதம் அப்பா அம்மா பெயரில் வங்கி வழியாகவே பணம் அனுப்ப வேண்டும். காயத்துக்கு முந்தைய ஓராண்டு அவன் தாங்கிய பெற்றோருக்குத்தான் அந்தச் சட்டத்தில் இடம். இன்னொன்றையும் கேளுங்கள். வெளிநாட்டவரானால் இனி வரவேண்டிய தொகையின் இன்றைய மதிப்பில் பாதியை ஒரே தவணையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடவும் அதே சட்டம் வழிவிடுகிறது. எதிரி கண்ணில் முழுச் சிப்பாய், எஜமான் ஏட்டில் அரை ஆள்!

வல்லான் வகுத்த வாய்க்கால்தான், மறுக்கவில்லை. மடை எங்கே இருக்கிறது என்றாவது நம் பையன்களுக்குச் சொல்லிவைக்கலாமே. சங்க வாசகசாலையில் ஞாயிறுதோறும் காலை 10 முதல் 12 வரை ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் கேட்கிறோம். போகுமுன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தால் வரிவரியாகத் தமிழில் படித்துச் சொல்கிறோம். பொருளாளர் தலையசைக்கிறார், குறிப்பேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள் ஐயா. தொலைக்காட்சியில் போர் பார்ப்பவர்களைப் பற்றியும் பேச நினைத்தேன், மணி அடித்துவிட்டார்கள். படிவங்களின் தமிழ் விளக்கம் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.