அரிசியாகக் கொடுப்பதா, சோறாகப் போடுவதா?

(காட்சி: பள்ளிக்கூடத்தின் பின்புறம் சத்துணவுக் கூடம். அடுப்பில் பெரிய அண்டா.)

பகல் பதினொரு மணி. சாம்பார் வாசனை மூன்றாம் வகுப்பு வரை வந்துவிட்டது. பிள்ளைகளின் பார்வை கரும்பலகையில் இல்லை.

பசிக்கிற பிள்ளைக்கு உதவ வேண்டும், சரி. அரிசியை வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் போதாதா? எதற்காகப் பள்ளியிலேயே சமைக்க வேண்டும்?

1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தொடக்கப் பள்ளிகளுக்கான உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் அடுப்பே மூட்டவில்லை. பிள்ளைக்கு மாதம் 3 கிலோ தானியம் என்று அளந்து கொடுத்தன. அந்த 3 கிலோ வீட்டுப் பானைக்குள் போனதும் எல்லோருக்கும் பங்காகிவிடும். அதில் தாயைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் மதியம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வயிறு காலியாகவே இருந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சமைத்த உணவுதான் தர வேண்டும், குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்கு 200 நாட்களாவது.

(காட்சி: பழைய சென்னையின் கறுப்பு வெள்ளைப் படங்கள்.)

இதைத் தமிழ்நாடு வெகு முன்னதாகவே உணர்ந்திருந்தது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. 1956இல் காமராஜர் ஆட்சியில் எட்டயபுரத்தில் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு. பிறகு தட்டில் முட்டையும் வந்தது.

அப்படியும் ஒரு வேளை விடுபட்டே இருந்தது. விடியுமுன் களையெடுக்கப் போகிற அம்மாவால் உலை வைக்க முடியாது. வெறும் டீயைக் குடித்துவிட்டு வருகிற பிள்ளை, மணியடிக்கும் மதியம் வரை எதைப் படிக்கும்? 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்த இடைவெளியைத்தான் அடைத்தது. முதலில் 1,545 பள்ளிகள். மறு ஆண்டே அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. என்னைக் கேட்டால், இது இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

(காட்சி: அண்டாவைக் கிளறும் கைகள்.)

இந்தச் சத்துணவுக் கூடங்களில் வேலை செய்கிறவர்களில் கணவரை இழந்த பெண்கள் பலர். காலமுறை ஊதியம், அதாவது மற்ற அரசு ஊழியர்களைப் போல நிலையான ஊதிய விகிதம், வேண்டும் என்று அவர்கள் கேட்டுக் கேட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. நாளை காலையும் அரிசி களைய அவர்கள்தான் வருவார்கள்.