500 ரூபா குடுத்து மிச்சம் வாங்குனவரு

நடுவர் ஐயாவுக்கும் கூடியிருக்க உங்க எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் இப்பதான் பேசிட்டு உக்காந்தாரு. மிருகத்தை வதைக்கறவனுக்கு தண்டனையைக் கூட்டாதீங்க, மனசை மாத்துங்கன்னாரு. சரி, அது அவர் கட்சி, கூட்டணும்கறது எங்க கட்சி. ஆனா நடுவுல ஒண்ணு கேட்டாரு பாருங்க, "கேஸ் போட்டா நாய் வந்து கூண்டுல ஏறி சாட்சி சொல்லுமா?"ன்னு. நீங்களும் கை தட்டுனீங்க. அண்ணே, சாட்சி சொன்ன நாயை நான் பாத்திருக்கேன்.

எங்க வீட்டுக்குப் பின்பக்க வீட்டு மொட்டை மாடில ஒரு நாய். ரெண்டு வருஷமா அதோட குரல் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், ராத்திரி பகல்னு இல்லாம கத்தும், நாங்களும் ஜன்னலை சாத்திக்கிட்டு தூங்குனவங்கதான். ஒரு சித்திரை மாசம் குரல் நின்னு போச்சு. அப்பதான் வயித்தைப் பெசஞ்சுது. தெருவுல நாலு பேரு சேந்து, நாய்களைப் பாத்துக்கற தம்பி ஒருத்தரையும் கூட்டிக்கிட்டு மேல ஏறுனோம். நிழலுக்கு ஒரு சாக்கு கூட இல்ல. அலுமினியத் தட்டு கவுந்து கெடக்கு. ஒரு முழம் சங்கிலி, கழுத்துப்பட்டை சதைக்குள்ள போயி அது மேல தோல் மூடியிருக்கு. தரைல படாத பக்க நகம் வளைஞ்சு சதைலயே குத்திக்கிட்டு நிக்குது. அது தலையைத் தூக்கிப் பாத்துச்சு, குரைக்கல.

இதெல்லாம் கூட விடுங்க. தரையைப் பாத்தேன். சிமெண்ட் தரைல ஒரு அரைவட்டம். சங்கிலி எவ்வளவு நீளமோ சரியா அவ்வளவுக்கு, தேஞ்சு தேஞ்சு வழவழன்னு ஒரு அரைவட்டம், அதுக்கு வெளிய பாசி புடிச்சு கருத்த தரை. ரெண்டு வருஷமா அந்த ஜீவன் அந்த ஒரு முழத்துக்குள்ள நடந்து நடந்து தன் நகத்தாலயே எழுதி வச்ச வாக்குமூலம் அது. சாட்சி சொல்லுமான்னு கேட்டீங்களே அண்ணே, கல்லுல எழுதிக் குடுத்துச்சு. படிக்கத்தான் ஆள் இல்ல.

சரி, கேஸ் என்னாச்சு? ஸ்டேஷன்ல போனா, வாரண்ட் இல்லாம கைது பண்ற குற்றம் இல்லம்மா, கோர்ட்டு அனுமதி வாங்கணும்னாங்க. வாங்குனோம். மூணு மாசத்துக்குள்ள வழக்கு தொடுக்கலேன்னா முடிஞ்சுதுன்னு 1960-ஆம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டத்தோட 36-ஆம் பிரிவு சொல்லுது, அதுக்குள்ள ஓடி ஓடி முடிச்சோம். அந்த வீட்டுக்காரரு கோர்ட்டுக்கு வந்தாரு, ஆமாங்கன்னு ஒத்துக்கிட்டாரு, அபராதம் 50 ரூபா. ஏன்னா அதே சட்டத்தோட 11-ஆம் பிரிவுல முதல் தடவைன்னா 10 ரூபாயிலேந்து 50 ரூபா வரைக்கும்தான். அவரு சட்டைப் பையிலேந்து 500 ரூபா நோட்டை எடுத்து நீட்டி, "மிச்சம் குடுங்க சார்"னாரு.

மிச்சம் கேட்டாருங்க! ரெண்டு வருஷம் வெயில், ரெண்டு வருஷம் மழை, கழுத்துல புண்ணு, எல்லாம் போக 450 ரூபா மிச்சம். நான் பக்கத்துலதான் நிக்கறேன், எண்ணிப் பாத்து வாங்கி மடிச்சு வச்சாரு. இதே தப்பை மூணு வருஷத்துக்குள்ள திரும்பப் பண்ணுனா 25-லேந்து 100 ரூபா, இல்ல மூணு மாசம் ஜெயில், இல்ல ரெண்டும். 100 ரூபாவோட விட்டாங்கன்னா அப்பவும் அவருக்கு மிச்சம் வரும் ஐயா.

இந்தச் சட்டத்துக்காக 1953-லயே மாநிலங்களவைல தனிநபர் மசோதா கொண்டாந்தது யாரு? நம்ம கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் அம்மா. அரசாங்கமே சட்டம் கொண்டு வரும்னு நேரு சொல்லி, 1960-ல வந்துச்சு. அன்னிக்கு 50 ரூபா ஒரு தொகை, எடுத்துக் குடுக்கும்போது கை நடுங்கும். அந்த 50 ரூபா வரம்பை யாரும் ஒசத்தல. 2014-ல உச்ச நீதிமன்றம் இந்தத் தண்டனை பத்தாது, நாடாளுமன்றம் திருத்தணும்னு எழுதுச்சு. அது ஜல்லிக்கட்டு தீர்ப்பு, அதுல நமக்கு வேற வருத்தம் உண்டு, ஆனா இந்த ஒரு வரி நியாயமான வரி. 2022-ல மத்திய அரசு ஒரு வரைவு போட்டுச்சு, கொடூரமா வதைச்சா 50,000-லேந்து 75,000 வரை அபராதம், இல்லேன்னா ஒண்ணுலேந்து மூணு வருஷம் ஜெயில்னு. வரைவோட நிக்குது.

கொன்னா, விஷம் வச்சா, ஊனமாக்குனா 5 வருஷம் வரைக்கும் ஜெயில்னு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவுல இருக்கேன்னு அண்ணன் எந்திரிப்பாரு. இருக்கு, 2024 ஜூலைலேந்து இருக்கு. ஆனா பட்டினி போட்டா, குட்டைச் சங்கிலில கட்டுனா, பாரம் ஏத்தி அடிச்சா இன்னமும் அதே 50 ரூபாதான். கொல்லாம வதைக்கறவனுக்கு சலுகையா?

அண்ணன் மனுநீதிச் சோழனையும் இழுத்தாரு, கன்னுக்குட்டிக்காக மகனையே தேர்க்கால்ல போடணுமான்னு. வேண்டாம்ணே, யார் உசுரையும் நாங்க கேக்கல. அந்தக் கதைல நான் பாக்கறது மணியைத்தான். பசு நடந்து வந்து ஆராய்ச்சி மணியை இழுத்துச்சு, ஏன்னா அது அவுத்து விட்ட பசு. ஒரு முழச் சங்கிலில கெடக்கற ஜீவனுக்கு அந்தக் கயிறு எட்டுமா? அதுக்காக நாமதானே இழுக்கணும்?

ஐயா மணி அடிக்கறீங்க, தெரியுது, ஒரே நிமிஷம்.

அந்த நாய் இப்ப எங்க வீட்லதான் இருக்கு. என் பொண்ணு கருப்பன்னு பேரு வச்சா. பட்டையை டாக்டர் அறுத்தெடுத்தாரு, புண்ணு ஆறிடுச்சு, சங்கிலியே கிடையாது. ஆனா கூடத்துல விட்டா ஒரு முழம் நடப்பான், டக்குன்னு நிப்பான், திரும்பிடுவான். மறுபடி ஒரு முழம், திரும்பிடுவான். சோத்துத் தட்டை ரெண்டடி தள்ளி வச்சா எட்டி எட்டிப் பாத்துட்டு படுத்துக்குவான், வர மாட்டான். என் பொண்ணு தினம் ஒரு விரக்கடை தட்டைத் தள்ளித் தள்ளி வச்சு, பக்கத்துலயே தரைல உக்காந்து "வாடா, ஒண்ணும் இல்லடா"ன்னு கூப்புடுவா. அஞ்சு மாசம் ஆச்சுங்க.

இன்னிக்கு சாயங்காலம் நான் இங்க கிளம்பறேன், செருப்பு போட்டுட்டு திரும்பிப் பாக்கறேன், வாசப்படி வரைக்கும் வந்து நிக்கறான்.

நன்றி, வணக்கம்.