அழுங்கு, அழுங்காமை: ரெண்டும் ஒண்ணா?

அடுத்தது கடலூர் தேவனாம்பட்டினத்துல இருந்து வந்த கேள்வி. "அழுங்குன்னா எறும்புதின்னின்னு அகராதியில போட்டிருக்கு. எங்க ஊர்ப் பெரியவங்க அழுங்காமைன்னு ஒரு கடலாமையைச் சொல்றாங்க. எது சரி?"

ரெண்டும் சரிதாங்க. அழுங்கு தரையில வாழுறது. உடம்பு பூரா செதில், வாயில பல்லே கிடையாது, நீள நாக்கை நீட்டி எறும்பு, கரையானைத் தின்னும். அலங்குன்னும் சொல்றதுண்டு. ஆனா தஞ்சாவூர்ப் பக்கம் அலங்குன்னா ஒரு வகை நாய். அதனால ‘ழு’ போட்டே எழுதிடுங்க. அழுங்காமை கடல்ல இருக்கிறது. அதோட முதுகுத் தகடுங்க ஓடு வேய்ஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். அழுங்குச் செதிலும் அப்படித்தான்.

எழுதுறப்போ ஒரு சிக்கல் வரும். அழுங்கு + ஆமை, குற்றியலுகரம் கெட்டு அழுங்காமை ஆயிடும். ‘வருந்தாமல் இருத்தல்’ங்கிறதுக்கும் அதே எழுத்துதான்! ஏன்னா அழுங்குதல்னா வருந்துறது. தொல்காப்பியம் அழுங்கல்ங்கிற சொல்லுக்கு ஓசை, இரக்கம், கேடுன்னு மூணு பொருள் சொல்லுது. குழப்பம் வரும்னு பட்டா ‘அழுங்கு ஆமை’ன்னு பிரிச்சே எழுதுங்க, தப்பில்ல.

இப்போ கரையில பார்த்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது? கடலூர், புதுச்சேரிக் கரையில முட்டையிட வர்றது பெரும்பாலும் பங்குனி ஆமை. அதை அழுங்காமைன்னு சொல்லிடக் கூடாது. முதுகு நடுவுல ஒரு வரிசைத் தகடு ஓடும். அதை விட்டுட்டு, ஒரு பக்கத்துல இருக்கிற பெரிய தகடுகளை மட்டும் எண்ணுங்க. 4 இருந்து, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, வாயும் கூரா வளைஞ்சிருந்தா அழுங்காமை. பங்குனி ஆமைக்கு பெரும்பாலும் 6, 7 வரும், தகடும் ஏறியிருக்காது. பேராமைன்னு இன்னொரு கடலாமை இருக்கு. அதுக்கும் 4தான், அங்கதான் ஏமாந்துடுவாங்க. அதுக்கு வாய் மழுங்கலா இருக்கும், கண்ணுக்கு நடுவுல நெத்தியில ஒரு சோடிச் செதில்தான். அழுங்காமைக்கு ரெண்டு சோடி. ரொம்ப வயசான அழுங்காமைக்குத் தகடு அவ்வளவா ஏறித் தெரியாது, அப்போ நெத்தியை நம்புங்க.

செத்து ஒதுங்கினதா இருந்தாலும் ஓட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. 1972 வனவிலங்குச் சட்டத்துல அழுங்கும் கடலாமையும் முதல் அட்டவணையில இருக்கு. கறி பக்கமும் போகாதீங்க. அழுங்காமைக் கறி விஷமாகி உயிரே போயிருக்கு, வேகவெச்சாலும் அந்த விஷம் போகாது.