நோட்டீஸ் வந்த வீட்டில் கேட்க வேண்டியது

(திருப்பூரில் சட்டக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு வழக்கறிஞர் பேசியது)

தம்பிகளே, தங்கச்சிகளே, வணக்கமுங்க.

கோர்ட்டில் ஏறி வாதாட உங்களால் இப்போது முடியாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, பதிவு செய்த வழக்கறிஞருக்குத்தான் அந்த உரிமை. இருக்கட்டும். காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்த வாடகை வீட்டுக்குப் போய் உதவ உங்களால் முடியும். லைன் வீடுகளில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் வீடு இழப்பது பெரும்பாலும் கோர்ட் வாசலை மிதிக்காமலேதான்.

பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வருகிறவர் அட்வான்ஸைக் கையில் கொடுக்கிறார். ரசீது கிடையாது. மாத வாடகையை வீட்டு ஓனர் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். அந்த நோட்டும் அவரிடமே இருக்கும்! ஒருநாள் ‘காலி பண்ணுங்க’ என்பார். பண்ணாவிட்டால் பீஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவார், தண்ணி மோட்டார் போடமாட்டார்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் இதைத் தடுக்கிறது. கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். பாக்கி இருந்தால் ஓனர் போக வேண்டிய இடம் வாடகை நீதிமன்றம். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி ஓனர் வெளியேற்றம் கேட்கலாம். எனக்கு இது பிடிக்காத பிரிவு. வாய்ப்பேச்சில் குடியேறிய ஏழைதான் இதில் மாட்டுகிறார்.

அதனால் நீங்கள் போன உடனே பிரிவு எண் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். அங்கே குடியிருப்பதையும் வாடகை கட்டியதையும் காட்டும் பேப்பரைக் கேளுங்கள். ஜிபே-யில் வாடகை போட்டது, கேஸ் புக், பிள்ளையின் பள்ளிச் சான்று, வாட்ஸ்அப்பில் ஓனர் பேசிய வாய்ஸ் எல்லாம் சேரட்டும். நோட்டீஸ் என்றைக்குக் கைக்கு வந்தது என்று அந்தத் தாளிலேயே குறித்து வையுங்கள். வாடகையை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பச் சொல்லுங்கள். திரும்பி வந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். ஒடிசா, பீகார்க்காரர் வீடென்றால் அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். குடியிருப்பவருக்குத் தமிழ் நோட்டீஸும் படிக்க வராது, இங்கிலீஷும் வராது.

அப்புறம், ஓனர்களையெல்லாம் வில்லனாக நினைத்துப் போகாதீர்கள். மில்லில் ரிட்டையராகி, வந்த பணத்தில் நாலு லைன் வீடு கட்டி, அந்த வாடகையில் மாத்திரை வாங்குகிறவரும் இருக்கிறார். அவரிடம் உட்கார்ந்து பேசினால் தவணை கிடைக்கும்.

பேச்சில் முடியாவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் உண்டு. எனவே விண்ணப்பத்தோடு கம்பெனி ஐடி கார்டின் ஜெராக்ஸையும் மறக்காமல் வையுங்கள்.