திப்பியில் கேஸ் எடுக்கிற பிள்ளைகளுக்கு வழிகாட்டி கிடைத்துவிட்டார்!

வணக்கம் மக்களே! மாடித் தோட்டம் வீடியோ அடுத்த வாரம்தான். நேற்று ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, பதில் வந்திருச்சுக்கா!" என்று இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அதைப் பேசாமல் எனக்கு வேறு எதுவும் ஓடாது.

சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி வீடியோவில் வந்த அதே பிள்ளைகள்தான். அரசுப் பள்ளி, 11-ஆம் வகுப்பு. குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காகத் திப்பியிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, அரைத்து மாவுப்பாலை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கைதான் திப்பி. சேலம், நாமக்கல் பக்கம் இதைக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்பார்கள். மழை பிடித்துவிட்டால் காயாது, புளித்து நாறும். அந்த நாற்றத்தைத் தினமும் தாண்டித்தான் இவர்கள் பள்ளிக்குப் போகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுத்த தலைப்பு இல்லை இது.

பள்ளியில் வழிகாட்டும் டீச்சர் அருமையானவர். "என் பாடம் விலங்கியல், இந்தத் துறையில் ஒருவர் வேண்டும்" என்று அவரே சொல்லிவிட்டார். பிள்ளைகள் பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினார்கள். ஒருவரிடமிருந்தும் பதில் இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "எனக்கு நேரம் இல்லை, இன்னாரைக் கேளுங்கள்" என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? பதினாறு வயதுப் பிள்ளை தினமும் இன்பாக்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறது ஐயா!

சரி, அந்த மெயிலையும் வாங்கிப் பார்த்தேன். "உயிரி எரிசக்தியில் ஆய்வு செய்ய விரும்புகிறோம், தயவுசெய்து வழிகாட்டவும்." அவ்வளவுதான். எல்லோருக்கும் அதே மெயில். இதைப் படிப்பவர் எதைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதுவார்? "முதலில் திப்பியை ஒரு கேனில் போட்டுப் பாருங்கள், எங்கே இடிக்கிறதோ அதைக் கேளுங்கள்" என்றேன்.

கேன் என்றதும் டேங்க் நிப்பிள் (ஓட்டையில் டியூபை மாட்டும் இணைப்பு) கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேன், மூடியில் ஓட்டை போட்டு டியூப் வைக்க வேண்டும். ஆன்லைனில் ஒரு நிப்பிள் 140 ரூபாய், அதுவும் வாஷர் இல்லாமல்! பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹார்டுவேர் கடையில் அதே சாமான் 35 ரூபாய், இரண்டு ரப்பர் வாஷரோடு. கடைக்கார அண்ணன் பள்ளி ப்ராஜெக்ட் என்று கேட்டதும் டெஃப்லான் டேப் ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். மூடியைச் சுற்றிச் சோப்பு நுரை தடவினோம், ஒரு குமிழ்கூட வரவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே கிடையாது.

திப்பியோடு சாணிக் கரைசலைக் கலந்து மூடி வைத்தார்கள். டியூப் நுனியில் கட்டிய பலூன் விறுவிறுவென்று உப்பியது. ஆனால் வாயு எரியவில்லை. முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு, அது எரியாது. அப்புறம் பலூன் உப்புவதே நின்றுவிட்டது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் பார்த்தால் 5 (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). திப்பியில் மிச்சமிருக்கும் ஸ்டார்ச் சீக்கிரமே அமிலமாகிவிடுகிறது. எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்குப் பிஎச் 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும், 6.5-க்குக் கீழே போனால் அவை சோர்ந்துவிடும். போதாததற்குத் திப்பியில் நைட்ரஜன் மிகக் குறைவு. கார்பன் 20 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்காவது வேண்டும். நாமக்கல் பக்கம் நைட்ரஜனுக்கா பஞ்சம்? கோழி எரு மலைபோல் கிடக்கிறது. ஆனால் அது அதிகமானால் அம்மோனியா ஏறி, அதுவும் நுண்ணுயிர்களை முடக்கிவிடும். அப்படியென்றால் எவ்வளவு கலப்பது?

கேள்வி கிடைத்துவிட்டது! இரண்டாவது மெயிலில் இதைத்தான் எழுதினார்கள், நோட்டுப் பக்கங்களைப் படம் பிடித்து வைத்து. இந்த முறை ஷோத்கங்கா தளத்தில் ஆய்வேடுகளைத் தேடி, சாண எரிவாயுவில் பிஎச்டி செய்த ஒருவருக்கு அனுப்பினார்கள். நேற்று அவரிடமிருந்து பதில்! பாடம் எடுக்கவில்லை, கேள்விதான் கேட்டிருக்கிறார். "சாணிக் கரைசலை மட்டும் தனியாக ஒரு கேனில் போட்டீர்களா? அது இல்லாமல் எந்த வாயு திப்பியிலிருந்து வந்தது, எது சாணியிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?" எனக்குப் புல்லரித்துவிட்டது. வழிகாட்டி என்றால் இவர்தான்! மாதம் இரண்டு தடவை டீச்சரையும் சேர்த்து வீடியோ காலில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும். பற்றவைத்துப் பார்ப்பதைக் கேன் பக்கத்தில் வைத்து ஒருபோதும் செய்யாதீர்கள். காற்று கலந்த மீத்தேன் வெடிக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது ஹைட்ரஜன் சல்பைடு, அது விஷம். பெரியவர் ஒருவர் கூட இருந்து, திறந்த வெளியில் மட்டும் செய்ய வேண்டும்.

தேடுகிற மற்ற பிள்ளைகளுக்கு: பெரிய ஊரையே பார்க்காதீர்கள். மரவள்ளிக்குச் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலேயே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்குத் தனித் துறையே இருக்கிறது. மெயிலில் டீச்சரையும் கட்டாயம் சேர்த்து அனுப்புங்கள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. வாயுவில் மீத்தேன் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். காஸ்டிக் சோடா கரைசலில் விட்டு, கரியமில வாயு போனது போக மிச்சத்தை அளந்தால் தோராயமாகத் தெரியும். அதையும் டீச்சர்தான் செய்ய வேண்டும், கையில் பட்டால் புண்ணாகிவிடும். சரியான கணக்குக்குக் கேஸ் குரோமட்டோகிராஃப் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) வேண்டும். சேலம், நாமக்கல், கோவைக் கல்லூரி ஆய்வகங்களில் இருப்பவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சேனல் மெயிலுக்கு எழுதுங்கள், டீச்சரிடம் சேர்த்துவிடுகிறேன். பிள்ளைகளின் பெயரையும் நம்பரையும் கமெண்டில் கேட்காதீர்கள், தர மாட்டேன். சாணி மட்டும் போட்ட கேனை நாளைக்கு மூடுகிறார்கள். அதில் வாயு நன்றாக வரத் தொடங்குவதற்குள் ஆய்வகம் கிடைத்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.