பெருங்குடல் சுவரின் பசி

நேயர்களுக்கு வணக்கம்.

நார்ச்சத்து என்றதும் பலருக்கு மலச்சிக்கல்தான் நினைவுக்கு வருகிறது. அதன் வேலை அதோடு முடிந்துவிடுவதில்லை. அதைச் செரிக்கும் நொதி நம்மிடம் கிடையாது. அதனால் சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்குத் தேவையான ஆற்றலில் சுமார் 70 சதவீதம் பியூட்டிரேட்டிலிருந்துதான் கிடைக்கிறது. அழற்சியைத் தணிக்கும் ஒருவகை நோய் எதிர்ப்பு செல்கள் பெருகவும் அது உதவுகிறது.

சரி, நார்ச்சத்து வராவிட்டால்? 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நார்ச்சத்தே இல்லாத தீனி தரப்பட்ட எலிகளின் குடலில் பாக்டீரியாக்கள் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்ததும் நோய்க்கிருமி சுவரை எளிதாக நெருங்கிவிட்டது. மனிதக் குடலிலும் அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் எனக்கு இது கவலை தரும் செய்திதான்.

நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகும் இத்தகைய பொருள்களை ப்ரீபயாடிக் என்கிறோம். 1995-ல் வந்த பெயர். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள இனுலின் என்ற நார் நல்ல உதாரணம். எல்லா நாரும் ப்ரீபயாடிக் ஆகிவிடாது.

அப்படியானால் குடல் அழற்சி நோய்க்கு இதுவே மருந்தா? இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குடல் அழற்சி நோயில் ஒரு வகையான கிரோன் நோய் தீவிரமாக இருந்தவர்களுக்கு இனுலின் வகை நாரை நாளுக்கு 15 கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வந்தது. நான்கு வாரத்தில் பலன் எதுவும் தெரியவில்லை. மாறாக, பெருங்குடலில் புண்ணை உண்டாக்கும் இன்னொரு வகையான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அடங்கியிருந்தவர்களிடம் ஸ்பெயினில் நடந்த 1999 ஆய்வில், நோய் திரும்பாமல் காப்பதில் இசப்கோல் விதை வழக்கமான மாத்திரைக்கு ஏறத்தாழ ஈடுகொடுத்தது. எந்த நார், நோய் எந்த நிலையில் என்பதைப் பொறுத்தே பலன். அதற்காக யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குடல் சுருங்கியிருப்பவர்களுக்கு முரட்டு நார் அடைப்பையே உண்டாக்கலாம். மருத்துவரைக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

மற்ற பெரியவர்களுக்கு நாளுக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நாளில் அந்த அளவுக்குத் தாவாதீர்கள். வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுங்கள், தண்ணீரும் நன்றாகக் குடியுங்கள். வயிறு உப்பினால் கொஞ்சம் குறைத்து, சில நாள் கழித்துத் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம்.